ஹாஜியாரின் மிளகில் முளைத்த மலை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,

உங்கள் புதிய இயந்திரத்தைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தீர்கள். வந்து பார்த்தேன். பொத்தானைத் தட்டினால் அதுவே வாசல் போட்டுக்கொள்கிறது, அதுவே பின்னணியைக் கழித்துக்கொள்கிறது, அதுவே ரிப்போட்டையும் அடித்து வெளியே தள்ளுகிறது. பயந்து நடுங்குவதற்குக்கூட இனி ஆள் தேவையில்லை போலிருக்கிறது. என் உத்தியோக காலம் முழுவதும் நான் திறம்படச் செய்துவந்த ஒரே வேலை அதுதான்.

தேநீர் குடிக்கும்போது உங்களில் ஒரு தங்கை கேட்டாள்: "சேர், வாசலை எவ்வளவு அகலமா வைக்கணும்?" நான் ஏதோ பகிடி சொல்லிச் சமாளித்துவிட்டுக் கிளம்பினேன். பேராதனையில் பஸ் ஏறி, என் வீடிருக்கும் மஹய்யாவ வந்து இறங்கும்வரை அந்தக் கேள்வி என் பக்கத்து சீற்றில் உட்கார்ந்து கூடவே வந்தது. இறங்கச் சொன்னாலும் இறங்கவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

கதிரியக்கம் அளக்கும் நம் வேலையில் பாதிக்கு மேல் காத்திருப்பதுதான் என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். மாதிரியை ஈயப் பானைக்குள் இறக்கி மூடிவிட்டால், உள்ளே இருக்கும் பளிங்கு ஒவ்வொரு கதிருக்கும் ஒரு தரம் மினுங்கும். ஒவ்வொரு மினுங்கலும் திரையில் ஒரு புள்ளி. மெலிந்த கதிர் இடப்பக்கம் விழும், வலுத்த கதிர் வலப்பக்கம் விழும். முதலில் தூறல் மாதிரி அங்கொன்று இங்கொன்று. பார்த்துக்கொண்டே இருந்தால் புள்ளிகள் மேடாகும். கொஞ்சம் கண்ணயர்ந்து விழித்தால் மேடு மலையாகி நிற்கும்.

எங்கள் காலத்துத் திரை கறுப்பு, கோடுகள் பச்சை. கணினி இருந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே ஹந்தானை மலை. பின்னேரங்களில் பனிமூட்டம் இறங்கி, ஹந்தானையின் விளிம்பு மட்டும் ஒரு கோடாகத் தெரியும். திரையில் இன்னொரு விளிம்பு. எது கண்ணாடிக்கு உள்ளே, எது வெளியே என்று எனக்கு மயங்கிப் போகும். அப்படி மயங்கி இருந்ததற்காக நான் வாங்கிய ஏச்சைத் தனியாக எழுத வேண்டும்.

கண்டியில் வெறும் பானை என்று ஒன்று கிடையாது. பாறையில் கதிர் வீசும் தோரியம் இருக்கிறது. சுவரில் பொட்டாசியம், நேற்றுத் தின்ற வாழைப்பழத்தில் பொட்டாசியம், பானையைத் திறக்கிறவனின் தசையிலும் அதுவே. உள்ளே எதையும் வைக்காமல் எண்ணினாலும் ஒரு மலைத்தொடர் எழும். ஊரின் அந்தப் பழைய மலைத்தொடர்தான் பின்னணி. மாதிரி தந்த படத்திலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது மாதிரியின் சொந்தச் சொத்து.

வாசல் என்பது திரையில் நிற்கும் இரண்டு நேர்க்கோடுகள். உணவுப் பொருளில் நாம் தேடியது, அணு உலை வெடித்தால் காற்றோடு பரவும் சீசியம். அதன் மலை எந்த இடத்தில் எழும் என்று தெரியும். அதற்கு இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவே விழுந்ததை மட்டும் மென்பொருள் எண்ணிச் சொல்லும். நான் வாசல் வைத்தபோது, ஒரு கதிரும் தப்பிப் போய்விடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், கலியாண மண்டபத்து வாசல் போல அகலமாகத் திறந்து வைத்திருந்தேன். அழைப்பில்லாதவன் வந்தாலும் பன்னீர் தெளித்து உள்ளே விடும் வாசல்.

எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி. என்னைவிட ஓரிரு வயதுதான் மூப்பு என்றாலும் எல்லோருக்கும் அவர் அக்கா. எண்ணிக்கை ஓடும் நேரமெல்லாம் கம்பளி பின்னிக்கொண்டிருப்பார். கண்டிக் குளிருக்கு வேண்டிய கனம் இல்லை அது. யாரையோ பனிமலை ஏறுவதற்கு அனுப்பி வைக்கப் போகிறவர் போலத் தடித்த சுவெற்றர்கள். பேச்சும் அந்தக் கம்பளி மாதிரித்தான், குத்தும், ஆனால் சூடாக இருக்கும்.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. நீர்த்தேக்கங்கள் அடிமண் தெரிய வற்றின. மின்வெட்டு, நினைத்த நேரமெல்லாம். ஈயப் பானை இருந்த உள்ளறைக்கு ஜன்னல் இல்லை. நட்டநடுப் பகலிலும் கும்மிருட்டு. ஆகவே பண்டகசாலையில் கிடந்த காஸ் விளக்கு ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வைத்துக்கொண்டோம். மண்ணெண்ணெய் ஊற்றிக் காற்றடித்து ஏற்றும் அந்தக் காலத்து விளக்கு. நடுவே மேன்டில் என்ற வலைப்பை தொங்கும். ஒரு தரம் எரித்தால் அது வெறும் சாம்பல். சாம்பலாகவே நின்று வெள்ளை வெளேரென்று ஒளி தரும். தும்மினால் உதிர்ந்துவிடும்.

புதிய பின்னணி எடுப்பதென்றால் பானையை வெறுமையாக வைத்து வெகுநேரம் எண்ண வேண்டும். கரன்ட் விடவில்லை. ஆகவே மின்வெட்டுக்கு முன்பு எடுத்து வைத்திருந்த பின்னணியையே எல்லா மாதிரியிலும் கழித்துக்கொண்டிருந்தோம். ஊர் மலை எங்கே எழுந்து ஓடிவிடப் போகிறது?

அந்த நாட்களில்தான் நளீம் ஹாஜியார் வந்தார். கண்டிக் கடைத்தெருவில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வியாபாரம். ஒரு பொலித்தீன் பை நிறைய மிளகை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

"இவ்வளவு காலமும் கொழும்புக்காரங்களுக்குத்தான் குடுத்தன் சேர். இந்த முறை எங்கட சாமான் நேரே கப்பல்ல போவுது. வாங்குறவன் ஒரு துண்டு கேக்கிறான், கதிர் இல்லண்டு."

"எப்ப வேணுங்க?"

"சனிக்கிழம விடிய லொறி போகோணும். மிளகு எல்லாம் என்ட இல்ல சேர். சுத்துவட்டார ஆக்கள் என்ட வாய்ச்சொல்ல நம்பித் தந்தது. ஒரு சதம் அட்வான்ஸ் கேக்கல்ல அவங்க. இது திரும்பி வந்திச்சிண்டா நான் அந்த ரோட்டால நடக்க ஏலாது."

"கவலையை விடுங்க ஹாஜியார். மிளகுல என்ன வரப்போகுது?"

அப்படித்தான் சொன்னேன். சொன்னதோடு நிற்கவில்லை. மாதிரியில் மிஞ்சுவதை வீட்டுக்குக் கொண்டுபோவது எங்கள் ஆய்வுகூடத்தில் எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத உரிமை. பால்மா வந்தால் பால்மா, தேயிலை வந்தால் தேயிலை. முடிவு வரும்வரை பொறுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. அன்று ஒரு பிடி மிளகு என்னோடு மஹய்யாவ வந்தது. மனைவி ரசம் வைத்தாள். இரண்டு தரம் வாங்கிக் குடித்தேன். "என்னங்க, இந்த மிளகுக்கு என்ன வாசம்!" என்று அவளும் குடித்தாள்.

மறுநாள் மின்வெட்டு நேரத்தில் மாதிரியைப் பானைக்குள் இறக்கினேன். கரன்ட் வந்தவுடன் எண்ணத் தொடங்கலாமே என்ற சுறுசுறுப்பு. ஒரு கையில் காஸ் விளக்கு, மறு கையில் மிளகு டப்பா. திறந்த பானைக்கு நேரே விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து மேன்டில் பொலபொலவென்று உதிர்ந்தது. இருட்டு. வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு, தடவித் தடவிப் பானையின் விளிம்பை என் கைக்குட்டை லேஞ்சியால் துடைத்தேன். உள்ளே விழுந்த தூசை ஊதிவிட்டேன். லேஞ்சியைக் கால்சட்டைப் பைக்குள் திணித்தேன். மூடியைச் சாத்தினேன். இவ்வளவும் அரை நிமிட வேலை. அப்போதே மறந்தும் போனேன்.

கரன்ட் வந்தது. எண்ணிக்கை ஓடியது. நான் ஹந்தானையைப் பார்த்துக்கொண்டு அரைத் தூக்கத்தில் இருந்தேன். முடிந்ததும் மென்பொருள் தன் வேலையைச் செய்தது. பழைய பின்னணியைக் கழித்தது, வாசலுக்குள் இருந்ததை எண்ணியது, திரையின் மூலையில் ஒரு எண்ணைப் போட்டது.

அது பூச்சியமாக இல்லை. பூச்சியத்துக்கு அயலிலும் இல்லை.

தம்பிமாரே, அந்த நொடியில் ஒரு நல்ல உத்தியோகத்தன் என்ன செய்வான்? மாதிரியை வெளியே எடுப்பான், பானையைப் பார்ப்பான், மறுபடி எண்ணுவான். நான் என்ன செய்தேன்? முதலில் ரசத்தை நினைத்தேன். இரண்டு தரம் குடித்த ரசம். வயிறு அப்போதே வெதுவெதுப்பாக இருப்பதுபோல் பட்டது. அடுத்ததாக, நாட்டைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் இறங்கியிருப்பதாக ஒரு நினைப்பு. தொலைபேசி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"ஹாஜியார், மிளகைத் தொடாதீங்க."

"ஏன் சேர், ஈரமா?"

"ஈரமில்லீங்க. கதிர்."

 தொலைபேசியில் கடைக்கு வெளியே ஒரு முச்சக்கரவண்டி போகும் சத்தம் கேட்டது.

"சேர், என்ட மக புள்ளத்தாச்சி. ஸ்டோருக்கு மேல்மாடியிலதான் இரிக்கா. நல்லாச் செல்லுங்க, இருக்கலாமா கூடாதா?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். "எதுக்கும் கொஞ்ச நாளைக்கு வேற எங்கயாவது..." என்று இழுத்தேன். அவ்வளவுதான். ஹாஜியார் ஸ்டோரைப் பூட்டினார், மகளை முச்சக்கரவண்டியில் ஏற்றிக் குண்டசாலையில் இருந்த தங்கை வீட்டுக்கு அனுப்பினார். வாய்விட்டு அழும் ஒரு கர்ப்பிணிப் பெண் பட்டப்பகலில் கடைத்தெருவைக் கடந்து போனால் காரணம் கேட்க எத்தனை பேர் இருப்பார்கள்? வண்டி ஆற்றைத் தாண்டுவதற்குள் 'நளீம் கடை மிளகில் நஞ்சு' என்று தெரு முழுக்கப் பேச்சு.

இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. நான் அலுமாரியைத் திறந்து கதிர் அளக்கும் கைமீற்றரை எடுத்து, சட்டையைத் தூக்கிவிட்டு, என் வயிற்றை அளந்துகொண்டிருந்தேன். டிக்... டிக்... நெஞ்சில் வைத்தால் அப்படியே. தொப்புளில் வைத்தாலும் அப்படியே. கொஞ்சம் வலப்பக்கம் கீழே இறக்கினேன். டிக்டிக்டிக்டிக் என்று பொரியத் தொடங்கியது. ரசம் அங்கேதான் இறங்கியிருக்கிறது என்று முடிவு செய்தேன்.

அக்கா உள்ளே வந்தது அப்போதுதான். கையில் கம்பளி உருண்டை.

"என்னடா செய்யிறாய்?"

"அக்கா... ரசம்."

"என்ன ரசம்?"

"மிளகு ரசங்க அக்கா. ஹாஜியாரோட மிளகு. சீசியம். நான் குடிச்சிட்டேன். அவளும் குடிச்சிட்டா."

அக்கா என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். கம்பளியைக் கதிரையில் வைத்தார். மீற்றரை என் கையிலிருந்து வாங்கி அதே இடத்தில் பிடித்தார். டிக்டிக்டிக்டிக்.

"பொக்கற்றுக்குள்ளை என்ன?"

"பஸ் காசு, சாவி, லேஞ்சி..."

"வெளியில எடு."

எடுத்தேன். சாவி பேசாமல் இருந்தது. வயிறும் பேசாமல் இருந்தது. லேஞ்சி மட்டும் மேசையில் கிடந்து பொரிந்தது.

"லேஞ்சியும் ரசம் குடிச்சதோ?" என்றார் அக்கா. பிறகு அதைக் கம்பளி ஊசியின் நுனியால் விரித்தார். உள்ளே வெள்ளைத் தூள்.

"இது என்ன?"

"விளக்கு மேன்டில் அக்கா. பானைக்கு மேல பிடிச்சப்ப உதிர்ந்திடிச்சு. விளிம்பைத் துடைச்சேன். உள்ள விழுந்ததை ஊதிட்டேன்."

"எங்கை ஊதினனீ?"

"...உள்ளுக்குத்தான்."

"மேன்டிலில என்ன போட்டிருக்குது எண்டு தெரியுமே?"

தெரியும். தோரியம். அது கலந்திருப்பதால்தான் அந்த வலை அவ்வளவு வெளிச்சம் தருகிறது. பரீட்சையில் இந்தக் கேள்வி வந்து, எழுதி, புள்ளியும் வாங்கியவன் நான். அறிவு எனக்குள் பத்திரமாக இருந்தது. தேவைப்பட்ட நேரத்தில் அறிவு உள்ளேயும் நான் வெளியேயுமாகக் கதவு சாத்திக்கொண்டது.

அக்கா திரையின் முன் உட்கார்ந்தார். மூலையில் இருந்த எண்ணை அவர் பார்க்கவே இல்லை. படத்தைப் பார்த்தார். "நாள் முழுக்க மலையைப் பார்த்துக் கனவு காணுறனீயே, இண்டைக்கு மட்டும் ஏன் பார்க்கேல்லை?" என்றார்.

பார்த்தேன். வலக்கோடியில் எங்கள் ஊர்ப் பாறையின் தோரியம் எழுப்பும் ஒற்றைக் குன்று ஒன்று எப்போதும் நிற்கும். எனக்கு நன்றாகப் பழகிய குன்று. அன்று அது மலையாக வளர்ந்திருந்தது. அதன் உறவுக்காரக் குன்றுகளும் அங்கங்கே புதிதாக முளைத்திருந்தன. அவற்றில் ஒன்று சீசியத்தின் இடத்துக்கு இடப்பக்கம், மற்றொன்று வலப்பக்கம். இரண்டு பேரும் என் கலியாண மண்டபத்து வாசலுக்குள் வந்து தாராளமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், சீசியம் எழ வேண்டிய இடத்தில், ஒரு பள்ளம்.

நான் எழுந்து குதிக்காத குறை. ஹாஜியார் பிழைத்தார், மகள் பிழைத்தாள், என் வயிறு பிழைத்தது. உடனே கணினியில் கையை வைத்தேன். இடக்கோட்டை உள்ளே தள்ளினேன், வலக்கோட்டை உள்ளே இழுத்தேன். மூலையில் எண் சரிந்து சரிந்து பூச்சியத்துக்கு வந்தது.

"பாருங்க அக்கா, சுத்தம்! இப்பவே பிரின்ட் எடுக்கிறேன். ஹாஜியாருக்கும் சொல்லிடுறேன்."

"கையை எடு."

எடுத்தேன்.

"அப்ப வாசலை அகலமா வைச்சு அந்த மனுசனைச் சாக்காட்டினாய். இப்ப ஒடுக்கிப்போட்டுக் காப்பாத்தப் போறியோ?"

"உண்மையாவே சுத்தம்தானே அக்கா? பள்ளம் தெரியுதே."

"தெரியுது. அதுவும் ஊத்தைப் பானையில எண்ணின பள்ளம், பழைய பின்னணி கழிச்ச பள்ளம். நீ இப்ப கோட்டை வைச்சது சீசியத்தைப் பார்த்தோ, ஹாஜியாரைப் பார்த்தோ?"

எடுத்த கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"நாளைக்கு இன்னொருத்தன் வருவான். உனக்கு அவனைப் பிடிக்காது. அவனுக்கு எங்கை வைப்பாய்?"

தங்கையே, நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான், அதுவும் என்னுடையதல்ல. சீசியம் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைப் பானைக்குள் வைத்து, அது எழுப்பும் மலையின் அகலத்துக்கு வாசலை வை. சாமான் வருவதற்கு முன்பே வை. வந்தபின் யார் அழுதாலும் கோட்டைத் தொடாதே. அழுவது நீயாக இருந்தாலும் தொடாதே.

அதன் பிறகு நடந்தது காத்திருப்பு. பானையை ஈரத்துணியால் துடைத்தோம், மறுபடி துடைத்தோம். மாதிரி டப்பாவை மாற்றினோம். அக்கா ஆய்வுகூடத்துச் சீசிய வில்லையை வைத்து வாசலைப் புதிதாகப் போட்டார். பின்னணி எடுக்க வேண்டும், அதற்குப் பிறகு மிளகை எண்ண வேண்டும். கரன்ட் இருக்கும்போது ஒரு துண்டு, போகும் முன் சேமிப்பு, வந்ததும் அடுத்த துண்டு. துண்டு துண்டாக ஊரின் மலையைத் திரும்பக் கட்டினோம். அக்காவின் சுவெற்றரும் துண்டு துண்டாக வளர்ந்தது. விளக்கு மட்டும் பண்டகசாலைக்குத் திரும்பிப் போய்விட்டது. உள்ளறைக்கு டோர்ச் வந்தது.

ஹாஜியாருக்கு மறுபடி தொலைபேசி எடுத்தேன். இந்த முறை அக்கா பக்கத்தில் நின்றார். "நான் அவசரப்பட்டுட்டேன் ஹாஜியார். எங்க பக்கம் ஒரு பிழை. ஆனா மிளகு நல்லதுன்னு இன்னும் சொல்ல முடியாது. எண்ணிட்டுத்தான் சொல்லுவோம்."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் நேரே ஆய்வுகூடத்துக்கு வந்து, என் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பின்னேரத்தை இப்போதும் நினைத்தால் கனவு மாதிரித்தான் வருகிறது. ஜன்னலில் ஹந்தானை மங்கலாக, கிட்டத்தட்ட இல்லாத மாதிரி. திரையில் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக. ஊசிகள் உரசும் சத்தம். ஒரு முதிய மனிதர் தன் மிளகு மலையாவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர், இது ஹந்தானயா?" என்று விரலை நீட்டினார். அவர் காட்டியது திரையை.

"ஒரு வகைல அப்பிடித்தாங்க. இந்தப் பாறை, இந்தச் சுவரு, நாம எல்லாருந்தான் அது. மிளகு வைக்காட்டியும் இது இருக்கும்."

"அப்ப அதக் கழிச்சிட்டுத்தான் எங்கட மிளகப் பாக்குறீங்க."

"ஆமாங்க."

திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "எங்களையும் கழிச்சிட்டா?"

"நம்மளையும் கழிச்சிட்டுத்தாங்க."

"நல்ல வேல," என்றார். பாராட்டா, பரிதாபமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அப்போது ஓட்டின்மேல் முதல் மழை விழுந்தது. அத்தனை மாதம் ஏமாற்றிய மழை. நடைபாதையில் யாரோ கைதட்டினார்கள். எனக்கு மட்டும் திக்கென்றது. மழை காற்றில் இருக்கும் கதிர்த்தூசைக் கழுவிக் கீழே கொண்டுவரும், பின்னணி கூடும் என்று எங்கோ படித்திருந்தேன்.

"அக்கா, மழை! நிப்பாட்டவா?"

"ஈயப் பானைக்குள்ளை மழை பெய்யாது. கதிரையில இரு," என்றார் அக்கா, தலை நிமிராமல். ஹாஜியார் அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

எண்ணி முடிந்தது. புதிய பின்னணியைக் கழித்தோம். ஊரின் மலை முழுவதும் பனி விலகுவது போல் மறைந்தது. மிஞ்சியது மிளகின் சொந்தப் பொட்டாசியம், வலப்பக்கம் ஒரு சின்ன மேடு. எந்தச் செடிக்கும் உள்ளது அது. சீசியத்தின் வாசலுக்குள் வெறும் தரை. அக்கா படத்தைப் பார்த்தார், பிறகு எண்ணைப் பார்த்தார், பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

ஹாஜியார் துண்டை இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தார். எழுந்தவர் போகவில்லை.

"கப்பல்காரனுக்கு இது போதும் சேர். கடைத்தெருவுக்கு என்னத்தக் காட்டுறது?"

அப்போதுதான் தெருவில் பரவிய பேச்சு எங்களுக்குத் தெரிந்தது. கடைக்கு ஆள் வருவதில்லை. மூட்டை தூக்கும் நாட்டாமிமார் அந்த ஸ்டோரின் நிழலையும் மிதிக்க மாட்டோம் என்கிறார்கள். விடிந்தால் லொறி. ஏற்ற ஆளில்லை.

அக்கா ஊசிகளைக் கீழே வைத்தார். "ஆர் அவருக்கு முதல் ரெலிபோன் எடுத்தது?"

"நான்தாங்க."

"அப்ப நீயே போ."

சனிக்கிழமை விடிகாலை போனேன். மழை கழுவிய தெரு. லொறி பின்பக்கம் திறந்து நிற்கிறது. நாட்டாமிமார் எதிர்ப்பக்கத் தேநீர்க்கடையில் கிளாசைக் கையில் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்கள். எல்லோரும் எங்கள் மஹய்யாவ ஆட்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் செல்லையா அண்ணன். என் கலியாணத்துக்குப் பந்தல் போட்டவர்.

"என்ன தம்பி, இந்தப் பக்கம்? தொடாதேன்னு நீங்கதான சொன்னீங்களாம்?"

"சொன்னேண்ணே. என் பிழை. மறுபடி எண்ணிப் பார்த்துட்டோம். இந்தா பாருங்க, ஹாஜியாருக்குக் குடுத்த துண்டோட பிரதி."

"அதுல இங்கிலீசுல இருக்கு. எங்க முதுகு இங்கிலீசு படிக்கல தம்பி." கிளாஸ்கள் சிரித்தன. "அவ்வளவு சுத்தம்னா நீங்க தின்னுங்க பார்ப்போம். நாங்க அப்புறம் தூக்குறோம்."

அறிவியல் முறைப்படி ஒருவன் மிளகு தின்பது எதற்கும் ஆதாரமில்லை. இதைச் செல்லையா அண்ணனுக்கு விளக்கலாமா என்று யோசித்தேன். பிறகு, முதல் தொலைபேசியும் எந்த ஆதாரத்தில் எடுத்தது என்று யோசித்தேன். ஸ்டோருக்குள் போனேன். ஒரு மூட்டையின் வாயைப் பிரித்தேன். கை நிறைய அள்ளினேன்.

வாய் நிறையப் போட்டு மென்றேன்.

தம்பிமாரே, நல்ல மிளகு முதலில் மணக்கும். பிறகு ஒரு அமைதி. அதன் பிறகு தலைக்குள் தீப்பிடிக்கும். கண்ணிலும் மூக்கிலும் அருவி. ஹந்தானை, லொறி, தேநீர்க்கடை எல்லாம் கரைந்து ஒரே பனிமூட்டம். அதற்குள்ளிருந்து குரல்கள் மட்டும் வந்தன.

"டேய், தம்பி அழுவுதுடா."

"பாவம், பிழை செஞ்சிருச்சு இல்ல, மனசு கேக்கல."

"அழலண்ணே," என்றேன். வெளியே வந்தது வேறு ஏதோ சத்தம்.

தோளில் ஒரு கை. ஹாஜியார். மறு கையில் தேநீர், பக்கத்தில் ஒரு துண்டுக் கருப்பட்டி.

"எரிக்குதா சேர்?"

தலையை ஆட்டினேன்.

"நல்லா?"

நன்றாக ஆட்டினேன்.

ஹாஜியார் தெருப்பக்கம் திரும்பினார். அந்த வாரம் முழுக்க அடங்கிக் கிடந்த குரல் இப்போது கடைத்தெரு முழுக்கக் கேட்டது.

"அப்ப சாமான் சரி. தூக்குங்க!"

செல்லையா அண்ணன் கிளாசை வைத்துவிட்டுத் தோள்துண்டை உதறினார். முதல் மூட்டை அவர் முதுகில் ஏறியது. நான் தேநீரோடு வாசற்படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைக்க லேஞ்சியைத் தேடினேன். பை காலியாக இருந்தது. அது இன்னும் அக்காவின் மேசையில் பொரிந்துகொண்டிருந்தது.